பிள்ளையின் ஆடும் வீட்டின் ஆடும்

மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தாய் என்னைப் படலையடியில் மறித்தார். "பாதர், இவனுக்கு ஒருக்கால் புத்தி சொல்லுங்கோ. ஆடு வாங்க வந்த யாவாரிக்குக் கல்லாலை எறிஞ்சு போட்டான்" என்றார். அவர் காட்டிய திசையில், கோடிப்புறத்து முருங்கையின் கீழ், ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன் ஒரு வெள்ளைக் கிடாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். வீட்டில் தகப்பன் இல்லை. தாய் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடனில் நான்கு தவணை பிந்திவிட்டது. கிடாயை விற்றால் அது தீரும். பையனோ மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் உடனே புத்தி சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தகுதி இருக்கவில்லை என்பதே உண்மை. அந்த வயதில் ஓர் ஆட்டுக்காக நானும் கல் எடுத்தவன். ஆகவே ஆடு வளர்ப்புப் பற்றிய இம்முறைப் பாடத்தை எங்கள் வீட்டுக் கொட்டிலிலிருந்தே தொடங்குகிறேன். ஆடு வளர்ப்புப் பற்றி அரசாங்கத் திணைக்களத்தின் துண்டுப் பிரசுரங்கள் இருக்கின்றன, அவை நல்லவை. ஆனால் ஆட்டை உண்மையில் பார்ப்பவர் வீட்டுப் பிள்ளை என்பதை அவற்றில் நான் கண்டதில்லை.

கறுப்பி

எங்கள் வீடு வலிகாமத்துச் செம்மண் தோட்டக் கிராமம் ஒன்றில் இருந்தது. ஐயா வெங்காயம், மிளகாய், புகையிலை என்று மாறி மாறிச் செய்தார். மாடு ஐயாவின் பொறுப்பு, கோழி ஆச்சியின் பொறுப்பு, ஆடுகள் பிள்ளைகளாகிய எங்கள் பொறுப்பு. இதை யாரும் கூட்டம் வைத்துப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஆடு சின்னப் பிராணி, பிள்ளையின் கைக்கு அடங்கும். அதன் பாட்டுக்கு அது எங்களிடம் வந்து சேர்ந்தது.

காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வேலி வேலியாகக் குழை பறிப்போம். கிளுவை, பூவரசு, முள்முருக்கை, சீமைக்கிளுவை என்று எங்கள் வேலிக் கதியால்கள் எல்லாமே ஆட்டுக்குச் சாப்பாடுதான். பலாமரம் நின்ற வீட்டாருடன் நாங்கள் நட்பாக இருந்ததற்குக் காரணம் பழமல்ல, இலை. பின்னேரம் அறுவடை முடிந்த தறையில் கொண்டுபோய்க் கட்டுவோம். சனிக்கிழமையில் கொட்டிலைக் கூட்டிப் புழுக்கையைக் கடகத்தில் அள்ளி எருக்கும்பியில் கொட்டுவோம். ஆட்டெரு போட்ட தறையையும் போடாத தறையையும் புகையிலையின் நிறத்தைப் பார்த்தே ஐயா சொல்லிவிடுவார். பாலும் இறைச்சியும் அவருக்கு இரண்டாம் பட்சம்.

எங்கள் மூத்த மறியாட்டின் பெயர் கறுப்பி. காது தொங்கி மூக்கு வளைந்த ஜமுனாபாரிக் கலப்பு. யமுனை ஆற்றுப் பக்கத்தில் தோன்றிய அந்த இனம் இந்தியாவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் நன்றாக ஊன்றிக்கொண்டது. தனி ஜமுனாபாரிக்குச் சாப்பாடு அதிகம் வேண்டும். ஊராட்டுடன் கலந்த குட்டி வெயிலையும் பஞ்சத்தையும் தாங்கிக்கொண்டு ஓரளவு பாலும் தரும். சொந்தக் காணியில் இல்லாத குடும்பத்துக்கு இந்தக் கலப்புத்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

கறுப்பியின் குரலில் மூன்று வகை இருந்தது. பசிக்குக் கத்துவது ஒன்று. குட்டியைக் காணாமல் கத்துவது இன்னொன்று. மூன்றாவது, காரணமில்லாமல் இரண்டு நாளுக்கு விடாமல் கத்துவது. அப்போது வாலை இடைவிடாமல் ஆட்டும், சாப்பாட்டில் மனம் வைக்காது. அதுதான் கிடாய்க்கு விட வேண்டிய நேரம். அந்த ஒன்றிரண்டு நாளைத் தவறவிட்டால் மறுபடி ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டும். ஐயா தோட்டத்தில் நிற்பார், அம்மா குசினியில் நிற்பார். அந்தக் குரலை முதலில் பிரித்துச் சொன்னது எப்போதும் எங்களில் ஒருவர்தான். ஐயா உடனே கலண்டரில் கோடு போடுவார். அந்தக் கோட்டிலிருந்து ஐந்து மாதம், 150 நாளளவில் குட்டி.

குட்டி போடும் இரவுகளில் எங்களுக்குத் தூக்கமில்லை. தாய் நக்கித் துடைக்கும்வரை தொடக்கூடாது என்பது ஆச்சியின் கட்டளை. மூக்கை மூடிய சவ்வை மட்டும் விரலால் எடுத்துவிடுவோம். தொப்புள்கொடி நிலத்தில் இழுபட்டால் நஞ்சு ஏறும். இப்போது அதற்கு அயடீன் போடச் சொல்கிறார்கள், அதைத் தவறாமல் செய்யுங்கள். பிறகு கடும்புப் பால். சில வீடுகளில் கடும்பைக் கறந்து மனிதர் காய்ச்சிச் சாப்பிட்டுவிடுகிறார்கள். முதல் சில மணித்தியாலத்துக்குள் கடும்பு வயிற்றுக்குள் போகாத குட்டி நோய்க்குத் தப்புவது கடினம். குட்டிக்கு எஞ்சியதுதான் மனிதருக்கு.

கறுப்பி ஒருமுறை மூன்று குட்டி போட்டது. ஆட்டுக்கு முலை இரண்டுதான். மூன்றாவது குட்டி தள்ளுப்பட்டு மூலையில் கிடந்தது. அதைச் சூப்பிப் போத்தலில் பால் கொடுத்து நான் வளர்த்தேன். பெயர் ராசா.

அன்பால் வந்த கெடுதிகள்

ராசா என் பின்னால் பள்ளிக்கூடப் படலை மட்டும் வருவான். என் பாயில் படுப்பான். அவனுடைய நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவது எங்கள் விளையாட்டு. அவன் திரும்பித் தள்ளுவான், எல்லோரும் கை தட்டுவோம். ஆறு மாதமானபோது அந்த விளையாட்டை அவன் மறக்கவில்லை. கிணற்றடியில் குனிந்து பாத்திரம் கழுவிய ஆச்சியைப் பின்னாலிருந்து ஓடிவந்து இடித்து விழுத்திவிட்டான். ஆச்சி ஒரு கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

போத்தல் பாலில் வளர்ந்த கிடாய்க் குட்டி மனிதரைத் தன் இனமாகவே எண்ணுகிறது. பருவம் வந்ததும் மற்றக் கிடாய்களோடு மோதுவதுபோல எங்களோடு மோதும். ஆகவே நெற்றியில் தள்ளி விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள். கழுத்தையும் முதுகையும் சொறிந்து விடலாம். வளர்ப்புக் கிடாயை இனத்துக்கு வைத்திருக்கப் போவதில்லை என்றால் காலத்தோடு நலமடித்து விடுங்கள். சாந்தமாக நிற்கும், இறைச்சியில் வாடையும் இருக்காது.

இன்னொன்று சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஒரு தைப்பொங்கலன்று அயல் வீடுகளிலிருந்து வந்த பொங்கல் நிறைய மிஞ்சியிருந்தது. தங்கச்சி தன்னுடைய செல்லக் குட்டிக்கு அதை வயிறு முட்டக் கொடுத்தாள். பொங்கல் நாளில் ஆடு மட்டும் ஏன் குழை தின்ன வேண்டும் என்பது அவளுடைய நியாயம். இரவு குட்டியின் இடப்பக்க வயிறு ஊதியது, பல்லை நறுநறுத்தது, விடிய முன் செத்துவிட்டது. ஆட்டின் பெரிய வயிறு இலைகுழையைப் புளிக்கவைத்துச் செரிக்கும்படி அமைந்தது. சோறு, அரிசி, மா போன்றவை திடீரென்று அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் அங்கே அமிலம் பெருகி ஆட்டைக் கொல்லும். முகாமில் சமைத்த சோறு மிஞ்சும் இடங்களில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கொடுப்பவர் எப்போதும் அன்பாகத்தான் கொடுக்கிறார். கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம். தவிடு, உழுந்துக் கோது, புண்ணாக்கு என்பவற்றையும் கைப்பிடி அளவில் தொடங்கி நாட்கணக்கில் கூட்ட வேண்டும்.

மரவள்ளி இலையை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் யாரோ ஒருவரின் ஆடு பக்கத்துத் தோட்டத்தில் புகுந்து பச்சை இலை தின்று விழும். வெயிலில் நன்றாக வாட்டிய பின் கொடுத்தால் நஞ்சு பெருமளவு குறைகிறது, பச்சையாக வேண்டாம். அலரியை எந்த விதத்திலும் வேண்டாம். இப்பில் இப்பில் நல்ல தீன், ஆனால் அது மொத்தக் குழையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டக் கூடாது. சீமைக்கிளுவையை ஆடு முதலில் மணந்து பார்த்துத் தள்ளிவிடும். அரை நாள் வாடவிட்டு மற்றக் குழையோடு கலந்து கட்டினால் ஒரு கிழமையில் பழகிக்கொள்ளும்.

ஐயா சொன்ன பொய்

1988ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. தீபாவளிக்கு முதல்நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது ராசாவைக் காணவில்லை. "கயித்தை அறுத்துக்கொண்டு ஓடிட்டுது மோனை" என்றார் ஐயா. நான் கையில் பலாக் குழையோடு ஒழுங்கை ஒழுங்கையாகக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். மழை. இருட்டும்வரை தேடினேன். மறுநாள் காலையும் தேடப் போனேன். அன்று மத்தியானம் அயல் வீட்டிலிருந்து வாழையிலையில் சுற்றிய பங்கு இறைச்சி எங்கள் வீட்டுக்கு வந்தது. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிப் பங்கு போடுவது எங்கள் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியாததல்ல. இறைச்சியைக் கொண்டுவந்த பொடியன்தான், "உங்கடை ராசா நல்ல கொழுப்பு" என்று சொன்னான். அவனுக்குத்தான் நான் கல் எடுத்தது.

ஐயா ஏன் விற்றார் என்பது பிறகு விளங்கியது. அந்த ஆண்டு வெங்காயம் அழுகிவிட்டது. அக்காவின் வைத்தியச் செலவுக்குக் காசு வேண்டியிருந்தது. நியாயமான காரணம். அதை என்னிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், இரண்டு நாளில் ஆறியிருப்பேன். இரண்டு நாள் என்னை மழையில் தேடவிட்டதுதான் ஆறவில்லை.

அதன்பின் நான் கொட்டிலுக்குப் போகவில்லை. ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலம். தங்கச்சி தன்னால் முடிந்ததைச் செய்தாள்; ஆனால் அவளுக்குக் கொக்கத்தடி பாரம். காலையில் பனி காயமுன் ஆடுகளை அவிழ்த்துக் கட்டைப் புல்லில் கட்டிவிட்டாள். மூன்று நான்கு கிழமையில் கறுப்பியின் தாடையின் கீழ் தண்ணீர்ப் பை போல வீங்கியது. அதனிடம் பால் குடித்த குட்டி கழிச்சலில் செத்தது. ஐயா அரசாங்க மிருக வைத்தியரிடம் ஓடிப்போய்ப் பூச்சி மருந்து வாங்கி வந்தார். கறுப்பி மட்டும் தப்பியது.

என்ன நடந்தது என்று இப்போது எனக்கு விளங்குகிறது. இரத்தம் குடிக்கும் வயிற்றுப் பூச்சி ஒன்றின் குஞ்சுகள் ஈரமான புல்லில் சில அங்குல உயரத்துக்கு ஏறி நிற்கும். பனியோடு மேயும் ஆடு அவற்றையும் தின்கிறது. குழையைக் கட்டித் தொங்கவிட்டால் அவை வாய்க்குப் போக வழியில்லை. ஆட்டின் இயல்பும் அதுதான்: குனிந்து புல் மேய்வதைவிட நிமிர்ந்து குழை கடிப்பதே அதற்கு விருப்பம். ஒவ்வொரு கிழமையும் ஆட்டின் கீழ்க் கண்ணிமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிப்போனால் இரத்தம் குறைகிறது. தாடை வீங்கும்வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளையால் இதைச் செய்ய முடியும். உண்மையில் பிள்ளைதான் செய்யும். பெரியவர்களுக்கு ஆட்டின் கண்ணைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

ஐயா மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உள்ளவரல்ல. ஆனால் அடுத்த முறை கறுப்பி இரட்டைக் குட்டி போட்டபோது என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். ஒன்று கிடாய், ஒன்று மறி. "இந்த மறி உன்ரை. கிடாய் வீட்டின்ரை. கிடாய்க்குப் பேர் வைக்காதை. விக்கிற அண்டைக்கு உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் விப்பன்" என்றார். அந்த மறிக்குச் சிட்டு என்று பெயர் வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே சட்டமாயிற்று. பிறக்கும்போதே பிள்ளைக்கு எது, வீட்டுக்கு எது என்று தெரியும். வீட்டுக் கிடாயையும் நாங்கள் நன்றாகப் பார்த்தோம், சொறிந்தும் விட்டோம்; ஆனால் அது போகும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. விற்ற காசில் ஒரு சிறு பங்கு எங்கள் உண்டியலுக்கு வந்தது. ஐயா அதைத் திரும்பக் கடன் வாங்கியதும் உண்டு, அது வேறு கதை.

1995

ஒக்டோபர் 30ஆந் திகதி மாலை ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. உங்களில் பலர் அந்த இரவை நடந்து கடந்தவர்கள். நான் விபரிக்கத் தேவையில்லை. எங்களிடம் அப்போது ஐந்து ஆடு. "ஒண்டைத்தான் கொண்டு போகலாம்" என்றார் ஐயா. சிட்டு மூன்று மாதச் சினை. மற்ற நான்கையும் கட்டவிழ்த்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். மாட்டையும் ஐயா அவிழ்த்துவிட்டார். ஒழுங்கை முடியும்வரை ஆடுகள் எங்களுக்குப் பின்னால் வந்தன.

செம்மணி வெளியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரையுள்ள சிறு தூரத்துக்கு ஓர் இரவு முழுவதும் சென்றது. மழை. நெருக்கத்தில் சிட்டு மிதிபடாமலிருக்க ஐயாவும் நானும் மாறி மாறித் தோளில் சுமந்தோம். சினையாட்டை வயிறு அமுங்கத் தூக்கக் கூடாது. கால்களைச் சேர்த்துக் கட்டாமல், மார்பையும் பின்தொடையையும் தாங்கித் தூக்க வேண்டும். அதை அன்றைக்குத்தான் பழகினேன்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். சிட்டுவை வெளியே மாமரத்தில் கட்டினேன். இரண்டாம் நாளே அவிழ்த்துக்கொண்டு போய் அடுத்த வளவு அம்மாவின் மிளகாய்க் கன்றுகளைத் தின்றுவிட்டது. அந்த அம்மா சத்தம் போட்டது நியாயம்தான். ஊருக்குப் புதிதாய் வந்தவர்களின் ஆடு அந்த ஊர்க்காரரின் தோட்டத்தில் வாய் வைத்தால், இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள கோபமெல்லாம் அந்த மிளகாய்க் கன்றில் வந்து நிற்கும். நான் அவரிடம் போய் நாலு நாள் கிணறு இறைத்துக் கொடுத்தேன். பிறகு தன்னுடைய வேலியிலேயே குழை வெட்டிக்கொள்ளச் சொன்னார். இடம்பெயர்ந்த இடத்தில் ஆட்டை அவிழ்த்து மேயவிடாதீர்கள். குழை வெட்டிக் கட்டிப் போட்டு வளருங்கள். ஒரு பெரிய ஆட்டுக்கு நாளொன்றுக்கு நாலைந்து கிலோ குழை போதும்.

நத்தார் கழிந்த கிழமை சிட்டு இரண்டு குட்டி போட்டது. குட்டிகளுக்குப் போக எஞ்சிய பாலை அம்மா நன்றாகக் கொதிக்கவைத்து எங்களுக்கும், பக்கத்துக் குடும்பத்துக் கைக்குழந்தைக்கும் கொடுத்தார். பச்சை ஆட்டுப்பால் காய்ச்சல் நோய்களைக் கொண்டுவரும், ஆகவே எந்த அவசரத்திலும் கொதிக்க வேண்டும். 1996 மே மாதம் திரும்பிப் போனபோது மூன்று ஆட்டோடு போனோம். வீட்டின் கூரையில் பாதி இல்லை. கொட்டிலில், நான் அவிழ்த்துப் போட்ட நான்கு கயிறும் போட்ட இடத்திலேயே கிடந்தன. ஐயா கிடாய்க் குட்டியை விற்று விதை வெங்காயம் வாங்கினார். விற்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்.

எங்கள் திட்டத்தில் நடந்த பிழை

2009இல் வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் கால்நடை என்று ஒன்றுமே இல்லாமல் வெளியே வந்தன. மீள்குடியேற்றம் தொடங்கியபின் ஆடு கொடுக்கும் ஒரு திட்டத்தில் நானும் நின்றேன். நிதி ஆண்டு முடியுமுன் செலவழிக்க வேண்டும் என்ற அவசரத்தில், ஐப்பசி மழை தொடங்கிய பிறகு, தூர இடத்தில் வாங்கிய ஆடுகளை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினோம். கொட்டில் ஒன்றும் இல்லை. தரப்பாளின் கீழ் ஈரத் தரையில் நின்ற ஆடுகள் இருமத் தொடங்கின. பல செத்தன. பயனாளிகள் கவனிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதினோம். அது உண்மையல்ல. பிழை எங்களுடையது.

தப்பிய ஆடுகள் எந்த வீடுகளில் நின்றன என்று பின்னர் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். அதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் அனேகமாக எல்லா வீட்டிலும் ஆட்டுக்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு பிள்ளை இருந்தது. செத்த வீடுகள் சிலவற்றில் ஆடு பதிவு இலக்கத்தோடு மட்டும் நின்றது.

ஆகவே எங்களிடமோ வேறு எவரிடமோ ஆடு கேட்கும் குடும்பங்களுக்குச் சொல்வது: முதலில் கொட்டில், பிறகு ஆடு. நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் பனஞ்சலாகை அல்லது கமுகஞ்சலாகைத் தளம், சலாகைகளுக்கிடையில் அரை அங்குல இடைவெளி, மேலே கிடுகு. ஓர் ஆட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி போதும். புழுக்கை கீழே விழும், ஆடு உலர்ந்து நிற்கும். காணி உங்களுடையதல்ல என்றால் தளத்தைக் கழற்றிக் கொண்டுபோகக்கூடியதாகக் கட்டுங்கள். ஆடு வாங்குவது மழை ஓய்ந்தபின், பக்கத்து ஊரில், இரண்டு மறியாக. தனி ஆடு ஏங்கிக் கத்தும், சரியாகத் தின்னாது. வாங்கும்போது கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். மேலே முன்பல் இருக்காது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எட்டும் சின்னப் பாற்பல்லாக இருந்தால் ஒரு வயதளவில். நடுவில் பெரிய பல் இரண்டு முளைத்திருந்தால் ஒன்றரை வயதளவில். எட்டும் பெரிதென்றால் நான்கு வயதளவு; விலையைக் குறைத்துக் கேட்கலாம். கிடாயை வீட்டுக்கு வீடு வைத்திருக்கத் தேவையில்லை. பத்து வீட்டுக்கு ஒன்று, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறூர்க் கிடாயோடு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் மகளோடு சேர்ந்து குட்டிகள் நோஞ்சலாகும். திட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் குட்டி மறியாக, ஆறு மாதம் வளர்ந்ததாக இருக்கட்டும். பால் மறக்காத குட்டியைப் பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்து இரண்டு வீட்டையும் அழவைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. வடக்கில் வெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னமும் உள்ளன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் ஆடு ஓடிப்போனால், அது எவ்வளவு செல்ல ஆடானாலும் பிள்ளை பின்னால் போகக் கூடாது. எல்லையில் நின்று கூப்பிடட்டும், குழையைக் காட்டட்டும். பெயர் சொன்னால் வரும்படி பழக்கிய ஆடு அனேகமாகத் திரும்பி வரும். வராவிட்டால் விடுங்கள். இதைப் பிள்ளைக்கு ஆடு கொடுக்கும் நாளிலேயே சொல்லிக் கொடுங்கள், ஆடு ஓடிய பிறகு சொன்னால் அவன் காதில் ஏறாது.

அந்தப் பையன்

முருங்கையின் கீழ் உட்கார்ந்து இதில் பாதியை நான் அந்தப் பையனுக்குச் சொன்னேன். ராசாவின் கதையையும் சொன்னேன். பிறகு தாயைக் கூப்பிட்டுக் கடன் எவ்வளவு, ஏன் வாங்கியது, கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று அவனுக்கு நேரே சொல்லச் சொன்னேன். "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் ஏன் பாதர்" என்று அவர் தயங்கினார். பிறகு சொன்னார். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிய காசும் அந்தக் கடனுக்குள் இருந்தது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்: விற்கிற காசில் மிச்சம் இருந்தால் தனக்கு ஒரு மறிக்குட்டி வேண்டும். மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. இரண்டு வீடு தள்ளியுள்ள ஒருவர் குறைந்த விலைக்கு ஒரு குட்டி தரச் சம்மதித்தார்; குறையைத் தாய் இரண்டு நாள் களை பிடுங்கிக் கொடுப்பதென்று பேச்சு.

வியாபாரி அடுத்த கிழமை திரும்பி வந்தார். பையனே கிடாயைப் படலைவரை கொண்டுவந்து விட்டான். வியாபாரி தான் கொண்டுவந்த கயிற்றைக் கட்டியபின், பழைய கயிற்றை இவன் அவிழ்த்து எடுத்துக்கொண்டான். கயிறு வீட்டில் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர்களின் பழைய வழக்கம். யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. இரண்டு கிழமை கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது அதே கயிற்றில் ஒரு சிவலை மறிக்குட்டி நின்றது. அந்தக் குட்டிக்குக் கயிறு மொத்தம், நீளமும் அதிகம். கழுத்து அறுபடாமல் பழந்துணி சுற்றி, மிச்சத்தை முருங்கையில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தான்.